நுண்துகள்: பி.எம். 2.5-க்குத் தமிழ்

பி.எம். என்பது 'பார்ட்டிகுலேட் மேட்டர்' என்பதன் சுருக்கம். காற்றில் மிதக்கும் திடப்பொடியும் மிகச் சிறிய நீர்மத் துளிகளும் சேர்ந்த கலவைக்கு அந்தப் பெயர். வேர்ச்சொல் இலத்தீனின் 'பார்ட்டிகுலா'. சிறு பகுதி என்று பொருள். உடன் வரும் எண், விட்டத்தின் மேல்வரம்பை மைக்ரோமீட்டரில் சொல்கிறது. 2.5 என்றால் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

இதைத் 'தூசி' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் பொருள் கெடுகிறது. காரைக்குடிப் பக்கம், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்தால், முகப்பின் தேக்குத் தூணைத் தொட்ட விரலில் செம்மண் அப்பிக்கொள்ளும். "இந்தப் புழுதியில் வளர்ந்த நம்மைப் பட்டணத்துத் தூசி என்ன செய்துவிடும்?" என்று ஓர் ஆச்சி கேட்டால், பிழை அவருடையது அன்று, 'தூசி' என்று எழுதியவருடையது. கண்ணுக்குத் தெரியும் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலோடும் சளியோடும் வெளியேறிவிடும். டீசல் எஞ்சினும் அனல்மின் நிலையமும் எரிகிற குப்பையும் கக்குகிற நுண்பொடியோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கும். அதிலும் மிகச் சிறியது இரத்தத்தில் கலக்கும். கரி, சல்பேட், ஈயம் முதலிய உலோகங்கள் எல்லாம் அதில் அடக்கம். மாரடைப்பு, பக்கவாதம் வரை அதன் கை நீள்கிறது. 2013-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. இரண்டாங்கட்டு விறகடுப்பின் புகையும் இதே இனம்தான். கிராமத்துக் காற்று என்பதற்காக அதற்குச் சலுகை கிடையாது.

'துகள்' தமிழில் பழைய சொல். புழுதி, பூந்தாது என்ற பொருள்களோடு குற்றம் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'துகளறு' என்றால் குற்றமற்ற. 'மாசு' என்ற சொல்லும் அப்படியே அழுக்கையும் குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

ஆகவே பி.எம். 2.5-க்கு 'நுண்துகள்' பொருத்தம். புணர்ச்சி விதிப்படி 'நுண்டுகள்' என்றுதான் வர வேண்டும் என்று புலவர்கள் சொல்லலாம். அப்படி எழுதினால் படிப்பவர் நண்டைத் தேடுவார். 2.5-க்கு மேல் 10 வரையுள்ள பருமனானவற்றைப் 'பருந்துகள்' என்றால் வானத்தில் பறவை வட்டமிடும். 'பெருந்துகள்' போதும். 0.1-க்கும் கீழானவை 'மீநுண்துகள்'. பி.எம். 10 என்பது இவை எல்லாவற்றையும் உள்ளடக்கியது என்பதால், அதை 'மிதவைத்துகள் 10' என்று எழுதலாம். எல்லாவற்றையும் 'நுண்துகள்' என்றே எழுதும் செய்தி வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

'பி.எம். 2.5 அளவு 60' என்று மொட்டையாக அச்சிடுவதைவிட, 'ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள்' என்று எழுதுவது நல்லது. இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதித்த வரம்பு அதுதான். உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்த வரம்பு 15.