டெரர் பேர்டு: பயங்கரப் பறவையா, கொடும்புள்ளா?

அழிந்துபோன, பறக்காத, ஊனுண்ணும் பெரும்பறவைக் குடும்பம் ஒன்றை ஆங்கிலத்தில் 'டெரர் பேர்டு' என்கிறார்கள். அதைப் 'பயங்கரப் பறவை' என்று எழுதிவிட்டு நகர்வது வழக்கம். பயங்கரம் வடசொல் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடறுவது பறவைதான். 'பற' என்னும் வினையிலிருந்து வந்த பெயர் அது. இந்த விலங்கோ பறந்ததில்லை. 'பறக்காத பறவை' என்று எழுதினால் சொல் தன்னோடே மல்லுக்கு நிற்கும்.

தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: புள். காவிரிக் கரையில் இதற்கு அகராதி தேட வேண்டியதில்லை. வைத்தீஸ்வரன் கோயிலின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர்; அதிலுள்ள புள், சடாயு.

முன்னால் 'கொடும்' சேர்த்தால் கொடும்புள். 'கொடு' என்பதன் முதற்பொருள் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர். வளைந்த கோல் கொடுங்கோல். கொடுமை என்ற பொருள் அந்த வளைவிலிருந்து கிளைத்தது. கொக்கிபோல வளைந்த அலகையும் ஊனுண்ணும் இயல்பையும் ஒரே அடைமொழி சொல்லிவிடுகிறது. 'டெரர்' என்ற ஆங்கிலச் சொல்லில் இந்த வசதி இல்லை.

கொடும்புள் குடும்பத்தின் அறிவியல் பெயர் ஃபொருஸ்ராக்கிடே. இதை மொழிபெயர்க்கக் கூடாது, ஒலிபெயர்த்தால் போதும். 1887இல் அர்ஜென்டினாவின் தொல்லுயிர் ஆய்வாளர் ஃபுளோரென்டினோ அமேகினோ, படகோனியாவில் கிடைத்த கீழ்த்தாடைத் துண்டுக்கு ஃபொருஸ்ராக்கோஸ் என்று பெயரிட்டார். பல்லில்லாத பாலூட்டியின் தாடை என்று நினைத்தே வைத்த பெயர். அது புள் என்று தெளிந்தது 1891இல். கிரேக்கத்தில் 'ராக்கோஸ்' என்றால் கந்தல், சுருக்கம். தாடையெலும்பின் சுருக்கத்தைக் குறித்திருக்கலாம்.

ஒரு துண்டை வைத்து இனம் பிரித்தால் இப்படித்தான் தவறும். முழு மண்டையோடு கிடைத்தால் கதையே வேறு. 2007இல் விவரிக்கப்பட்ட கெலென்கன் என்னும் கொடும்புள்ளின் மண்டையோடு 71.6 செ.மீ., அதாவது சுமார் 2 அடி 4 அங்குலம். ஆண்டல்கலோர்னிஸ் என்னும் இன்னொரு கொடும்புள்ளின் மண்டையோட்டை 2010இல் கணினியில் சோதித்தபோது, மேலிருந்து கீழான விசையை அது நன்றாகத் தாங்கியது, பக்கவாட்டு விசையில் பலவீனப்பட்டது. ஆகவே திமிறும் பெரிய இரையைக் கவ்வி உலுக்கியிருக்க முடியாது. கொத்திக் கொத்தி வீழ்த்தியிருக்க வேண்டும்.

வகைப்பாட்டில் பலர் நெருப்புக்கோழியிடம் ஓடுகிறார்கள். உருவ ஒற்றுமைதான் அது, உறவல்ல. உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் தென்னமெரிக்காவின் செரியேமா என்னும் புள். ஒரு மீட்டர் உயரம்கூட வராது. ஐரோப்பாவில் வாழ்ந்து அழிந்த காஸ்டோர்னிஸ் என்னும் பெரும்புள்ளையும் கொடும்புள் என்று எழுதாதீர்கள். அது வாத்து, கோழி வகைகளின் பக்கம் சேர்ந்தது. அலகில் கொக்கி இல்லை. எலும்பின் கால்சியம் ஐசோடோப்புகளும் (எடையில் வேறுபடும் கால்சிய அணு வகைகள்) தாவர உணவையே காட்டுகின்றன.

காலக்கணிப்பில் வரும் சிக்கல் கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு எளிதில் புரியும். வெள்ளம் புரட்டிப்போட்ட மணலில் நேற்றைய ஓடும் நூற்றாண்டுப் பழைய ஓடும் ஒன்றாகக் கிடக்கும். ஃபுளோரிடாவில் சாண்டா ஃபே ஆற்றுப் படுகையில் எடுத்த டைட்டானிஸ் என்னும் கொடும்புள்ளின் எலும்புகளும் அப்படியே வெவ்வேறு கால எலும்புகளோடு கலந்து கிடந்தன. அதனால் அது பனியுகக் கடைசிவரை, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, வாழ்ந்ததாகச் சொல்லிவந்தார்கள். எலும்பு மண்ணில் கிடந்தபோது உறிஞ்சிய அருமண் தனிமங்களின் (மண்ணில் சிறிதளவே இருக்கும் ஒருவகை உலோகங்கள்) விகிதத்தை, வயது தெரிந்த மற்ற எலும்புகளின் விகிதத்தோடு 2007இல் ஒப்பிட்டார்கள். ஃபுளோரிடா எலும்புகளின் வயது சுமார் 20 இலட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது.