தைமோமா நோயாளிக்குச் ‘செட்’ மாத்திரை வேண்டாம்

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் தோன்றும் தைமோமா மிக அரிதான புற்றுநோய். என்னைப் போன்ற மாவட்ட மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளையே பார்ப்பார். அப்படியிருக்க, சென்ற மழைக்காலத்தில் ஒருவரும் இந்த ஐப்பசியில் இன்னொருவரும், சளியில் தொடங்கி மூச்சுவிட முடியாத நிலையில் என்னிடம் கொண்டுவரப்பட்டார்கள். இரண்டாமவர் பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண்மணி. நான்கு நாள் காய்ச்சலுக்கு, மெடிக்கலில் பல மாத்திரைகளைச் சேர்த்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்த ‘செட்’ மாத்திரைகளை விழுங்கியிருந்தார். பழைய நோயைக் கடையில் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, “அதான் மதுரையில வச்சுக் கட்டிய எடுத்தாச்சே, டாக்டர்” என்றார் கணவர்.

இந்த நினைப்பைத்தான் மாற்றியாக வேண்டும். கட்டி போய்விடும்; ஆனால் கட்டியோடு வந்தவையும் போகும் என்பதற்கு உறுதியில்லை. தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோய் இருக்கிறது. அறுவைக்குப் பிறகும் அது பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது, சிலருக்கு அதன் பின்னரே தலைகாட்டுகிறது. இன்னும் சிலருக்கு இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் வற்றிவிடுகின்றன. 1954 இல் ராபர்ட் குட் என்ற மருத்துவர் விவரித்த இந்தக் குறைபாடு, கட்டியை அகற்றினாலும் பெரும்பாலும் சீராவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டவரும் இன்று சளி பிடித்தால் புற்றுநோயாளியாகவே நடத்தப்பட வேண்டியவர்.

வைரஸ் காய்ச்சலே மயஸ்தீனியாவைக் கிளறிவிடப் போதும். அதன்மேல், வைரஸுக்கு எந்த வகையிலும் உதவாத அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்தால் தசைகள் மேலும் தளர்கின்றன. செட்டில் கலந்திருக்கும் ஸ்டீராய்டோ காய்ச்சலை மறைத்து, நோய் தணிந்ததுபோலக் காட்டிவிடுகிறது. மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வேறு என்ன நோய் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் எவருக்கும் மாத்திரையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டியதால் அந்தக் குடும்பம் ஓர் இரவு முழுவதும் காத்திருந்தது. மூச்சுத் தசைகள் தளரும்போது அந்த எண் கடைசியில்தான் சரியும் என்பதை இளம் மருத்துவர்களே சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் 20 வரை சத்தமாக எண்ண முடியவில்லை, விழுங்கும்போது புரையேறுகிறது, பேச்சு மூக்கால் வருகிறது, தலையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்றால் 108 ஐ அழையுங்கள். இராமேசுவரம் தீவிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்ட அன்றே மருத்துவரிடம் வாருங்கள், ஏனெனில் ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாகப் பயன்தரும். மயஸ்தீனியாவுக்கு மருத்துவர் தந்த பிரெட்னிசலோன், பைரிடோஸ்டிக்மைன் மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இம்யூனோகுளோபுலின் எனப்படும் அந்த நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவை ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும்; எதிர்ப்புப் புரதம் குறைந்தவருக்கு அது முழுப் பலன் தராது என்பதால், வீட்டிலுள்ள அனைவரும் போட்டுக்கொள்ளுங்கள். தை அமாவாசைக்கு இராமேசுவரத்தில் கூட்டம் நெரியும்போது, தயவுசெய்து நோயாளியை அக்னி தீர்த்தக் கரைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அறுவைச் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டி வைக்காமல், அதன் நகல் ஒன்றை எப்போதும் அவருடைய பையிலேயே வையுங்கள்.