பாட்டிலில் யார் பெயரை எழுதுவது?

நீர்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பவை பெயர், ஊர், சர்வே எண். நொய்யல் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் வந்தால் இந்தச் சாதாரணக் கேள்விகளே இடறும். சென்னிமலைப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் கிணற்றுத் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டு, "என் பெயரைப் போட்டுவிடாதே கண்ணு, மாப்பிள்ளை திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார்" என்றார். தென்னைகள் பட்டுப்போன ஆத்திரம் அவருக்கு ஆறவில்லை. அதற்காகச் சம்பந்தி வீட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் மனம் வரவில்லை. வெளியூரிலிருந்து எழுதுகிறவர்கள் இதை விவசாயிக்கும் முதலாளிக்கும் நடக்கும் சண்டை என்பார்கள். இங்கே இருவரும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள்.

நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிப் போனது. அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே மன்றாடும் விசித்திரம் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை. 'ஆயக்கட்டுதாரர்', அதாவது பாசனம் பெறும் நிலத்துக்குச் சொந்தக்காரர், என்ற பெயரில் சங்கமாகத் திரண்டு உயர் நீதிமன்றம் போனார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம், கழிவை வெளியே விடுவதை நிறுத்தப் பட்டறைகளுக்குக் கெடு விதித்தது. 2011 ஜனவரியில் அவற்றை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுப்பணித் துறையின் பாசனக் கணக்கில் கிடந்த ஒரு சொல், ஒரு மக்கள் கூட்டத்தின் அரசியல் முகவரியாயிற்று.

ஆனால் அந்த முகவரியில் குடியேற நிலம் வேண்டும். தோட்டக் கூலிகளும் ஆடு மேய்ப்பவர்களும் குடிப்பது அதே நிலத்தடி நீரைத்தான். சர்வே எண் மட்டும் அவர்களிடம் இல்லை. இத்தனை வருடத்தில் நிலமில்லாத ஒருவர் தானாகக் கொண்டுவந்த பாட்டில் என்று இரண்டு மூன்றுதான் என் நினைவில் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சர்வே எண் தேவையில்லை. 'தெருக் கோடி அடிகுழாய்' என்று எழுதினால் போதும். ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, தேதி போடுங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என எடுத்தால் இன்னும் நல்லது.

பருத்தித் துணியில் சாயம் ஏற, உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். அந்த உப்புதான் கிணற்றுக்கு வருகிறது. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஊரில் பலர் சட்டைப் பையில் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறார்கள். அது இந்த உப்பைத்தான் காட்டும். குரோமியமோ ஈயமோ இருந்தால் அதற்குத் தெரியாது, ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

பெரியவரின் பாட்டிலில் கடைசியில் 'கிணறு, ஆற்றுக்குத் தெற்கே' என்று மட்டும் எழுதினேன். முடிவுத்தாளை வாங்க அவர் வரவில்லை. திருப்பூரிலிருந்து அவருடைய மகள் வந்திருந்தார்.