மாடலின் உடல் பளிங்குக்குப் போகும் வழி

பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1890-இல் தன்னையே வரைந்துகொண்ட ஓவியம் ஒன்று உண்டு. நரைத்த தலையுடன் அவர் குனிந்து ஒரு பெண் சிலையைச் செதுக்குகிறார். சிலையை ஒட்டி அதே நிலையில் மாடல் அமர்ந்திருக்கிறார். 'பளிங்கில் வேலை' என்று பெயர். ஆனால் அவர் முன் இருப்பது பளிங்கு அல்ல, பிளாஸ்டர். அன்றைய பட்டறைகளில் கல்லில் உளி இறங்கும்போது மாடலின் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

காரணம், உயிருள்ள உடல் அசையாமல் இருக்காது. ஏந்திய கையை அப்படியே நிறுத்தினால், இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ரத்த ஓட்டம் குறைகிறது, தசை சோர்கிறது, கை நடுங்கித் தாழ்கிறது. நிமிர்ந்த முதுகும் மெல்லச் சரிகிறது. அதனால் மாடலுக்கு அடிக்கடி ஓய்வு தர வேண்டும். திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார மேடையில் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள். கல்லில் ஒருமுறை வெட்டியதை ஒட்ட முடியாது. களிமண்ணில் எத்தனை முறையும் திருத்தலாம். எனவே மாடலைப் பார்த்துச் செய்வது களிமண்ணில்தான்.

களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்துணி சுற்றியே காப்பாற்றி, முடிந்ததும் அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பார்கள். முதல் பூச்சில் கொஞ்சம் சாயம் கலப்பது வழக்கம். பின்னர் அந்த அச்சுக்குள் பிளாஸ்டரில் வார்த்த சிலையை வெளியே எடுக்க அச்சைக் கொத்தி உடைக்கும்போது, சாய நிறம் தெரிந்தால் சிலை அருகில் வந்துவிட்டது என்று கை நிதானிக்கும். பிளாஸ்டர் இறுகும்போது மிக லேசாக விரிவதால் நகக்கண் வரை அச்சில் பதியும்.

இனிதான் பளிங்கு. இங்கே வருவது பாயிண்டிங் மெஷின், அதாவது பிளாஸ்டர் சிலையின் புள்ளிகளைக் கல்லுக்கு மாற்ற உதவும், ஊசி பொருத்திய ஒரு சட்டம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் எளிமை. பிளாஸ்டர் சிலையில் மூன்று நிலையான புள்ளிகள், கல்லிலும் அதற்கு இணையாக மூன்று. ஒரு புள்ளியில் மட்டும் மாட்டிய சட்டம் எப்பக்கமும் சுழலும். இரண்டில் மாட்டினால், அவற்றை இணைக்கும் கோட்டைச் சுற்றி ஆடும். மூன்றில் மாட்டினால் அசைய வழியில்லை. சட்டத்தின் மூட்டுள்ள கையில் ஓர் ஊசி. அதைச் சிலையின் மூக்கு நுனியில் தொட வைத்து, அந்த ஆழத்தில் தடுப்பை முடுக்கி, ஊசியைப் பின்னுக்கு இழுத்து, சட்டத்தைத் தூக்கிக் கல்லில் மாட்டுவார்கள். இப்போது கல் வழிமறிக்கும். ஊசி தடுப்பு வரை உள்ளே போகும் அளவுக்குத் துளையிட்டால், மூக்கு நுனி கல்லுக்குள் எங்கே என்று தெரிந்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கான புள்ளிகள். துளைகளுக்கு இடையே உள்ள கல்லை உதவியாளர்கள் உளியால் எடுப்பார்கள். கடைசியாக ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைப்பார்கள். தோலின் மென்மை அதில்தான் பிறக்க வேண்டும், அது சிற்பியின் கைவேலை.

ஓவியத்தில் உருவாகும் சிலை 'தனாக்ரா'. கிரேக்க நாட்டின் தனாக்ராவில் 1870-களில் தோண்டியெடுத்த சுடுமண் பொம்மைகளில் வண்ணத் தடயங்கள் இருந்தன. பழங்காலச் சிலைகள் வெள்ளையாக இருந்ததில்லை என்பதற்கு அது சான்று. ஜெரோமும் தன் பளிங்குக்கு வண்ணம் பூசினார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் அச்சிலையில் அந்த வண்ணம் இன்று பெரும்பாலும் மங்கிவிட்டது.