டிராலி தள்ளி வந்தவருக்குத் தெரிந்திருந்தது

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள். மயக்க மருந்து கொடுப்பது என் பொறுப்பு. "இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே அம்மா?" என்று கேட்டேன். "இல்லை டாக்டர்" என்றார். கேஸ் ஷீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. மருந்து ஏறி நினைவு தப்பிய சில நொடிகளில் வயிற்றில் இருந்த உணவு தொண்டைக்கு ஏறி வந்தது. தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சக்‌ஷன் வைத்து உறிஞ்சி, அவசரமாக மூச்சுப்பாதைக்குள் குழாய் போட்டோம். அப்படியும் கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, பிழைத்து வீடு திரும்பினார்.

அன்று மாலை, டிராலி தள்ளி வந்த உதவியாளர் என் அறை வாசலில் வந்து நின்றார். காலையில் மாத்திரை போடுவதற்காக இரண்டு இட்லி சாப்பிட்டதாக அந்த அம்மா லிஃப்டில் வரும்போதே அவரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் திட்டுவார், சொல்லிவிடாதே தம்பி என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "என்னிடம் ஏன் சொல்லவில்லை அண்ணே?" என்றேன். "எல்லோரும் வேகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் புகுந்து நான் எப்படி டாக்டர் சொல்வது?" என்றார்.

பதினோரு ஆண்டுகளாக அந்த ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர். அவருடைய பெயரை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திட உணவுக்கும் மயக்க மருந்துக்கும் இடையே குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். அந்த நோயாளி சாப்பிட்டிருக்கிறார் என்பது டிராலி தள்ளி வந்தவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. அந்தப் பத்தடியைக் கடக்க அவருக்கு வழி இல்லாமல் போனதற்கு அந்த அறையின் தலைவர்களான நாங்கள்தான் காரணம். பணியிடத்தில் மனிதர்களுக்கு இடையே உறவை வளர்ப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்தடிதான் நினைவுக்கு வருகிறது.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. அண்ணன், அக்கா, தம்பி, ஆயாம்மா என்று எல்லோரையும் உறவு சொல்லி அழைக்கிறோம். கேட்பதற்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் பத்து ஆண்டு ஒருவரை 'அண்ணே' என்று கூப்பிட்டே, அவர் பெயரோ, அவர் எந்த ஊரிலிருந்து எத்தனை பஸ் மாறி வருகிறார் என்பதோ தெரியாமல் இருந்துவிடவும் முடிகிறது. நர்ஸ்கள் எல்லோரும் 'சிஸ்டர்'. துறைத் தலைவர் எல்லோருக்கும் 'சீஃப்'. மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை என்பது உண்மைதான். பெயரோடு அண்ணனையும் அக்காவையும் சேர்த்துக்கொள்ளலாமே.

2005-இல் இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண், சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் குழாய் போடுவதிலேயே முனைந்திருந்தார்கள். ஒரு நர்ஸ், தொண்டையில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு, மருத்துவர்களின் முகத்தைப் பார்த்துத் தான்தான் மிகைப்படுத்துகிறோமோ என்று அதை ரத்து செய்தார். அந்த அறையில் கருவியும் அறிவும் இருந்தன. எலைனின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. அதன்பின் மருத்துவமனைகளில் இந்த மாதிரி மௌனங்களை உடைப்பதற்காகவே உழைத்து வருகிறார். மயக்க மருந்துத் துறையில் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், தோலில் கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்ந்த இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. பட்டியலில் வேறு பல அம்சங்களும் உண்டு. பெயர் சொன்னதால் மட்டும் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை வாய் திறந்து தன் பெயரைச் சொன்னவருக்கு, அதே அறையில் இரண்டாவது முறை வாய் திறப்பது எளிதாகிறது. இதை நான் தினமும் பார்க்கிறேன்.

இப்போது இருக்கும் இடத்தில் காலை 7.45-க்கு முதல் கேஸுக்கு முன் ஐந்து நிமிடம் கூடுகிறோம். துப்புரவுப் பணியாளர் முதல் சீஃப் வரை எல்லோரும் நின்றபடியே பேசுகிறோம். தொடக்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துப் பெயரை முணுமுணுத்தார்கள். சீஃப் கடைசியாகப் பேசுவது என்று மாற்றிய பிறகுதான் மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதன்பின் வருவது எல்லாம் தலையாட்டல்தான்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஒருவர் தவறாக எச்சரித்துவிட்டால் தலைவர் என்ன செய்கிறார் என்பது. ஒருநாள் வயிற்றை மூடும் நேரத்தில், பணியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன சிஸ்டர் "மாப் ஒன்று குறைகிறது" என்றார். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணியைத்தான் மாப் என்கிறோம். சர்ஜன் ஊசியைக் கீழே வைத்தார். வயிற்றுக்குள் மீண்டும் தேடினார்கள். பதினைந்து நிமிடம் கழிந்தது. மாப் வாளியின் அடியில் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன. சர்ஜன் நிமிர்ந்து, அவர் பெயரைச் சொல்லி, "சந்தேகம் வந்தால் நாளைக்கும் இதேபோல் நிறுத்துங்கள்" என்றார். அறையில் ஏழு பேர் இருந்தோம். அந்த ஏழு பேரும் அன்று கற்றதை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுத் தந்திருக்காது. அவர் அப்போது எரிந்து விழுந்திருந்தால் அதையும் ஏழு பேரும் கற்றிருப்போம்.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வில், நல்ல உறவும் நல்ல தலைமையும் உள்ள வார்டுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்குப் பொருள். உங்கள் பிரிவில் ஆண்டு முழுக்கப் புகாரே இல்லை என்றால் தயவுசெய்து நிம்மதி அடையாதீர்கள்.

ஆயுத பூஜை அன்று மானிட்டருக்கும் மயக்க இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்து, எல்லோரும் ஒன்றாகப் பொரிகடலை சாப்பிடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த நாள். ஆனால் மறுநாள் மருத்துவர்களுக்குத் தனி டீ, ஊழியர்களுக்குத் தனி டீ என்று பிரிந்துவிட்டால், முந்தைய நாளை யாரும் நம்ப மாட்டார்கள். எங்களிடம் இப்போது ஒரே ஃபிளாஸ்க்தான்.

மணிப்பூரிலிருந்து வந்த ஒரு நர்ஸ் ஏழு மாதமாகத் தனியாகவே சாப்பிட்டுவந்தார். மற்றவர்கள் யாரும் ஒதுக்கவில்லை. பேச்சு முழுக்கத் தமிழில் ஓடியது, அவ்வளவுதான். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை கணக்கிடுகிறது. அந்த ஆறாவது ஆள் எங்கள் சாப்பாட்டு அறையின் ஓரத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர்தான் கவனித்தார். தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு பேர் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இரவு இரண்டு மணி அவசர கேஸ்களில் இன்னும் நாங்கள் தடுமாறுகிறோம். தொப்பியில் பெயர் எழுதினால் சலவையில் அழிந்துவிடுகிறது. அதனால் மைக்ரோபோர் பிளாஸ்டரில் பெயரும் வேலையும் எழுதி மார்பில் ஒட்டிக்கொள்கிறோம். திங்கட்கிழமை புதிதாக இரண்டு பயிற்சி மருத்துவர்கள் வருகிறார்கள். பிளாஸ்டர் சுருளை 7.45-க்கு முன்பே எடுத்து வைக்கும் வேலையை, இங்கே டிராலி தள்ளும் அண்ணன் தானாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.