இரண்டாம் கியர் கரகரப்பது ஏன்? எம்ஜிபி கியர்பாக்ஸுக்குள் ஒரு பித்தளை வளையம்

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, பழைய கார் பிரியர்கள் இன்றும் விடாமல் ஓட்டும் வண்டி. அதன் எஞ்சின் நமக்கு அந்நியமில்லை. அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சின் பிறந்த அதே 'பி' வரிசையில், 1798 சிசிக்கு வளர்ந்த அண்ணன் அது. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது 'கர்ர்' என்று கேட்பதுதான் இந்த வண்டியில் அடிக்கடி வரும் புகார். சத்தம் வந்தவுடன் ஸ்பானரை எடுத்துவிட வேண்டாம். இந்த வண்டியில் கியர்பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்க வழியில்லை; எஞ்சினையும் சேர்த்தே தூக்கியாக வேண்டும். அவ்வளவு வேலைக்குப் பிறகு கோளாறு கிளட்சில்தான் இருந்தது என்று தெரிந்தால் வெறுத்துப்போகும்.

கியர் மாற்றும்போது பல்லோடு பல் புதிதாகக் கோப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு, மூன்றாம் கியர்களின் பற்கள், எஞ்சினின் சுழற்சியைக் கீழிருந்து கடத்தும் துணைத் தண்டான லேஷாஃப்டின் பற்களோடு எப்போதும் கோத்தே சுழல்கின்றன. மேலே இருக்கும் மெயின் ஷாஃப்டின் மீது அந்தக் கியர்கள் கட்டில்லாமல் சும்மா சுற்றும். எந்தக் கியர் வேண்டுமோ அதை ஷாஃப்டோடு பூட்டுவதுதான் கியர் போடுவது. நான்காம் கியரில் மட்டும் கதை வேறு: எஞ்சின் பக்கத்து ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும், லேஷாஃப்ட் சுமையில்லாமல் சுற்றும்.

பூட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். 1967 வரை வந்த பழைய கியர்பாக்ஸின் விகிதங்கள்: முதல் கியர் 3.64, இரண்டாவது 2.21, மூன்றாவது 1.37, நான்காவது 1. மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது இரண்டுக்கு இறக்கினால், கிளட்ச் தட்டு, அதோடு கோத்த லேஷாஃப்டையும் இழுத்துக்கொண்டு, சுமார் 4,840 சுற்றுக்கு ஏற வேண்டும். அதே வேகத்தில் மூன்றிலிருந்து நான்குக்கு ஏற்றினால் சுமார் 2,180-க்கு இறங்கினால் போதும். 1,800 சுற்றுக்கு மேல் இழுத்து ஏற்றும் வேலை இரண்டாம் கியரின் வளையத்துக்கு. 800 சுற்றைத் தணிக்கும் வேலை நான்காவதுக்கு. இரண்டாவது முதலில் தேய்வதில் வியப்பென்ன?

இந்த வேலையைச் செய்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளை வளையம்; சிங்க்ரோ என்பது இதைத்தான். அதன் உட்புறம் கூம்பு வடிவம். கியரில் உள்ள எஃகுக் கூம்பின் மீது அது போய் அழுந்தி, உராய்ந்து, வேகத்தைச் சமன் செய்கிறது. வளையத்தின் உள்ளே மெல்லிய மரை போன்ற கோடுகள் இருக்கும். கூம்பின் மேல் படிந்த ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்குவது அவற்றின் வேலை. கோடுகளின் முனை மழுங்கினால் வளையம் ஆயிலின் மேல் வழுக்கும், வேகம் சமனாகாது, பூட்டுப் பற்கள் மோதும். நாம் கேட்கும் 'கர்ர்' அதுதான். 1967 வரை வந்த பெட்டியில் முதல் கியருக்கு இந்த வளையமே கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும். ஓட்டத்தில் வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும்; அதாவது நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டும். நிற்கும்போதும் முதலில் இரண்டைத் தொட்டுவிட்டு ஒன்றுக்குத் தள்ளினால், இரண்டாவதின் வளையம் லேஷாஃப்டை நிறுத்திக்கொடுக்கும், சத்தம் வராது.

உராய்வுதான் உயிர் என்றால், எந்த ஆயில் ஊற்றுகிறோம் என்பது சின்ன விஷயமல்ல. எம்ஜிபிக்கு ஆலை சொன்னது கியர் ஆயில் அல்ல, எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50. 'கியர்பாக்ஸுக்கு 90 நம்பர் அல்லவா ஊற்ற வேண்டும்?' என்று கடையில் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் 90 நம்பர் கியர் ஆயிலின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை; 50 நம்பர் எஞ்சின் ஆயிலுடையது 16.3 முதல் 21.9 வரை. ஏறக்குறைய ஒன்றுதான். கியர் ஆயில் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரம் போட்டிருக்கும்; இதில் ஜிஎல்-5-ஐத் தவிர்ப்பது நல்லது. பின் அச்சுக்கான அந்த ஆயிலில் கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கை ஜிஎல்-4-ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு. அது உராய்வைக் குறைத்து வளையத்தை வழுக்க வைக்கும். கந்தகத்தின் வகையைப் பொறுத்துப் பித்தளையையும் அரிக்கலாம். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டியில் அதற்கும் இதே ஆயில்தான் போகிறது, அதற்குள்ளும் ஒரு கூம்புக் கிளட்ச் இருக்கிறது. எனவே வழுக்கலைக் கூட்டும் சேர்மானங்கள் எதுவும் ஆகாது.

அளவு: முதல் கியருக்கு வளையம் இல்லாத பழைய, மூன்று சிங்க்ரோ பெட்டிக்கு, ஓவர்டிரைவ் இல்லையென்றால் 2.56 லிட்டர். முன்பக்கத் தரைவிரிப்பை விலக்கினால் நடுமேட்டில் ஒரு ரப்பர் அடைப்பு. அதன் கீழே டிப்ஸ்டிக் இருக்கும். 1968 முதல் வந்த நான்கு சிங்க்ரோ பெட்டிக்கு, அதேபோல் ஓவர்டிரைவ் இல்லையென்றால், 3 லிட்டர். பக்கவாட்டு அடைப்பு உள்ள பெட்டியில் அதைக் கழற்றி, ஆயில் வழியும் வரை ஊற்ற வேண்டும். பழைய ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது இயல்பான தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் தூள் வளையத்தின் பித்தளை. எஃகுச் செதில் அகப்பட்டால் லேஷாஃப்ட் உரியத் தொடங்கிவிட்டது.

ஆயில் சரியென்றால் அடுத்து கிளட்ச். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு வளையம் இல்லாததால் அது பொய் சொல்லாது. சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது. கரகரத்தால் விடுபடவில்லை; எந்தப் புது வளையமும் உங்களைக் காப்பாற்றாது.

விடுபடாததற்குக் காரணம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். பெடலின் தள்ளுதலைத் திரவம்தான் கிளட்சுக்குக் கடத்துகிறது: பெடலில் மேல் சிலிண்டர், கிளட்சில் கீழ் சிலிண்டர். மேல் சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம், கீழ் சிலிண்டர் ஒன்றேகால் அங்குலம். பரப்பு விகிதப்படி மேலே 10 மி.மீ. தள்ளினால் கீழே 3.6 மி.மீ. மட்டுமே நகரும். கீழ் சிலிண்டரின் தண்டு ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டும். பெடலில் இருக்கும் பின்னும் அதன் துளையும் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் அந்தத் தூரம் அங்கேயே தொலைந்துவிடும். பின்னை மாற்றுங்கள், துளையை வெல்டிங் வைத்துத் திரும்பத் துளையிடுங்கள். இன்னொரு திருடன், அந்தத் திரவம் போகும் உப்பிப்போன பழைய ரப்பர் குழாய்: மிதிக்கும்போது தண்டை நகர்த்துவதற்குப் பதில் குழாய் விரியும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் தீரவில்லையா, அப்போது எஞ்சினைத் தூக்குவதில் நியாயம் உண்டு. அதற்கு முன் இன்னொரு முறை காது கொடுங்கள். முதல் மூன்று கியரிலும் நியூட்ரலிலும் உறுமல் கேட்டு, நான்காவதில் அடங்கினால் லேஷாஃப்ட் பேரிங். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். இந்த வண்டியில் அது குண்டு பேரிங் அல்ல, கார்பன் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்பவர்களிடம் அது சீக்கிரம் தேய்ந்து தீரும்.

பெட்டியைப் பிரிக்கையில் லேஷாஃப்டைச் சும்மா உருவினால் ஊசி ரோலர்கள் உள்ளே கொட்டும். அதே விட்டத்தில், சற்றுக் குட்டையான ஒரு பொய்த் தண்டைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு உருவ வேண்டும். திரும்பப் பூட்டவும் அதே தண்டு வேண்டும். ரோலர்கள் கிரீஸில் ஒட்டி நிற்கும். ஷாஃப்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டினால் கடினப்படுத்திய மேல்தோல் போய்விட்டது, மெருகேற்றிப் பயனில்லை. ஷாஃப்டையும் ரோலர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். லேஷாஃப்டின் மேல் சுற்றும் லேகியரின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.08 மி.மீ.; பல கனங்களில் கிடைக்கும் வாஷர்களைப் பொருத்திப் பார்த்து இதைக் கொண்டுவர வேண்டும்.

வளையங்களைத் தள்ளும் நடுப்பாகமான சிங்க்ரோ ஹப்பைப் பிரிக்கும் முன் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கோடு மூன்று குண்டுகள் உண்டு. ஒன்று தெறித்தால் அன்றைய மாலை அதைத் தேடியே போய்விடும். வளையத்தைக் கூம்பில் அழுத்தித் திருகினால் பிடித்து நிற்க வேண்டும். வளையப் பற்களுக்கும் கியரின் பூட்டுப் பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். பொதுவாகப் புதிய வளையத்தில் 1 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருக்கும். பாதியாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பூட்டுப் பற்களின் கூர்முனை உருண்டுபோயிருந்தால் கியரும் தேவை. புது வளையத்தோடு பழைய கியர் போட்டால் கியர் நழுவி வெளியே வரும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிராங்க் முனையிலுள்ள வெண்கலப் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். பூட்டுமுன் ஒரு நாள் எஞ்சின் ஆயிலில் ஊறட்டும். காய்ந்த புஷ், கிளட்ச் விடுபட்ட பிறகும் ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றும். கேட்பதற்கு அதுவும் தேய்ந்த சிங்க்ரோ போலவே இருக்கும்.