மென்டர் என்பவர் கண்காணிப்பாளர் அல்லர்

புலன் சார்ந்த சிரமங்களுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிப்போருக்கான ஒரு பயிற்சியின் அறிவித்தல் அண்மையில் இலங்கையின் மலையகத்து முன்பள்ளி ஆசிரியர்களிடையேயும் சுகாதார உத்தியோகத்தர்களிடையேயும் கைமாறிக் கைமாறி வந்தது. ‘உணர்ச்சிச் செயலாக்கக் கோளாறுடைய சிறார்க்கான சிகிச்சையாளர்களின் கண்காணிப்பு மருத்துவப் பயிற்சி’ என்பது அதன் தலைப்பு. இத்தொடரில் சிறார், சிகிச்சையாளர், செயலாக்கம், பயிற்சி ஆகியவற்றை விட்டால் மற்ற முக்கியமான சொற்கள் எல்லாமே பொருளைத் திசைதிருப்புகின்றன. அவற்றுள் ‘மென்டர்ஷிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வைத்த ‘கண்காணிப்பு’ என்பதைச் செயலமர்வுகளிலும் கையேடுகளிலும் பலமுறை கேட்டாயிற்று. இன்னும் சில காலம் பேசாமல் இருந்தால் அதுவே நிலைத்துவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூலச்சொல்லான ‘மென்டர்’ முதலில் ஓர் ஆளின் பெயர். ஹோமரின் ஒடிசி காவியத்தில், போருக்குப் புறப்படும் ஒடிசியஸ் தன் வீட்டுப் பொறுப்பை ஒப்படைத்துச் செல்லும் நண்பரின் பெயர் அது. மகன் தெலமாக்கஸ் தந்தையைப் பற்றி விசாரித்தறியப் புறப்படும்போது, அதீனா என்னும் பெண் தெய்வம் மென்டரின் உருவெடுத்து அவனோடு கப்பலேறிச் செல்கிறாள். 1699இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனலோன் இக்கதையை விரித்து எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. அதன் பின்னரே ஆளின் பெயர் பொதுப்பெயராக வழங்கலாயிற்று. சொல்லின் வரலாற்றில் நமக்கு வேண்டியது இவ்வளவே: அந்த மூத்தவர் கரையில் நின்று கட்டளையிடவில்லை, இளையவனோடு கூடவே பயணம் போனார்.

இனி, இப்பயிற்சியில் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரும் (ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட்) உளவியலாளருமான ஜீன் ஏயர்ஸ் (1920–1988) புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வகுத்தார். அதை விளக்கும் அவருடைய முதன்மையான நூல் 1972இல் வெளிவந்தது. தோலின் தொடுபுலன், உட்செவியின் சமநிலைப் புலன், தசையும் மூட்டும் மூளைக்குத் தெரிவிக்கும் உடல்நிலைப் புலன் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் விதத்தில்தான் பிள்ளையின் அசைவும் கவனமும் கற்றலும் தங்கியிருக்கின்றன என்பது அவர் கருத்து. சிகிச்சை விளையாட்டாகவே நடக்கும். ஊஞ்சல், ஏணி, பெரிய பந்து, மெத்தை ஆகியவைதாம் கருவிகள். பிள்ளை தானாக விரும்பி முயலக்கூடிய, எளிதாகவும் இல்லாத, எட்டாததாகவும் இல்லாத ஒரு சவாலை அந்தந்த நொடியில் அமைத்துக் கொடுப்பதுதான் சிகிச்சையாளரின் திறமை.

இத்திறமை நூலைப் படித்து வருவதன்று. பயிலும் சிகிச்சையாளரோ ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுப் பணியில் இருப்பவர். அவருக்குப் பாடம் ஒப்பிக்க யாரும் தேவையில்லை. எனவே அனுபவம் மிக்க ஒருவரோடு சிறு குழுவாக இருந்து, அவர் பிள்ளையை மதிப்பிடுவதைப் பார்த்து, பிறகு தாமே பிள்ளையோடு வேலை செய்து, அதன் காணொளியைச் சேர்ந்து பார்த்து, ஏன் இப்படிச் செய்தோம் என்று பேசுவதே இப்பயிற்சியின் நடைமுறை. ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று ஊஞ்சலில் ஏறமாட்டேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பயிலும் சிகிச்சையாளர் நயமாகப் பேசித் தூக்கி உட்கார வைக்கிறார்; பிள்ளை அலறுகிறது. மூத்தவர் குறுக்கே வந்து திட்டுவதில்லை. ஊஞ்சலின் கயிற்றை இறக்கி, உட்கார்ந்தாலும் இரு பாதமும் தரையில் முழுமையாகப் படியும்படி செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பிள்ளை மெல்ல உட்கார்ந்து தானே காலால் உந்துகிறது. பிறகு காணொளியின் முன்னே அமர்ந்து, “கால் தரையை விட்டு எழும்புனப்போ பிள்ளையோட கையில என்ன பார்த்தீங்க, மிஸ்?” என்று கேட்கிறார். விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியதை மற்றவர் அப்போதுதான் காண்கிறார். பிடிவாதம் என்று எண்ணியது, நிலம் காலை விட்டு விலகும்போது எழும் அச்சம் என்பது விளங்குகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பவருக்குக் ‘கண்காணிப்பாளர்’ என்று பெயர் சூட்டுவது பொருந்துமா?

தூய தமிழ்ச்சொல்தானே, தமிழ்நாட்டில் அலுவலகங்களில் எல்லாம் வழங்குவதுதானே என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். அங்கே அது எவ்வளவு இயல்பாக வழங்கினாலும், மலையகத்தில் அச்சொல்லுக்குத் தனியொரு வரலாறு உண்டு. கண்காணி என்பது மருவித்தான் கங்காணி ஆயிற்று. தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவந்தவரும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஆள்களைக் கொண்டுவந்து நிறுத்தியவரும், மலையில் கொழுந்தெடுப்போரின் பின்னே நின்று வேலை வாங்கியவரும், முற்பணக் கடனால் குடும்பங்களைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தவரும் அவரே. தம் உறவுக்கும் ஊராருக்கும் பெரியவராக நின்று நன்மை தீமைகளில் கைகொடுத்த கங்காணிமாரும் இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவருடைய கண் எதற்காக இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தொழிலாளரின் கடனைச் சீட்டில் குறித்த ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணி என்ற சொல்லும் பதவியும் ஒழியவில்லை. இன்றும் மலையில் கங்காணி நிற்கிறார்.

அப்படிப்பட்ட மண்ணில், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வரும் ஒரு தாயிடம், “உங்கள் பிள்ளைக்குச் சிகிச்சை செய்பவர் கண்காணிப்பின் கீழ்ப் பயிற்சி பெறுகிறார்” என்று சொன்னால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? இந்த மிஸ்ஸை நம்பித் தனியே விடமுடியாது, அதனால்தான் மேலே ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்றே விளங்கிக்கொள்வார். நாடு முழுவதிலுமே தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்குப் பஞ்சம். தமிழில் பேசிச் சிகிச்சை அளிப்போர் அதிலும் குறைவு. கிடைத்த ஒருவர்மீது தாய் வைக்கும் நம்பிக்கையை ஒரு மொழிபெயர்ப்பு குலைப்பதை என்னால் சிறிய விடயமாக எண்ண முடியவில்லை.

வரலாற்றை ஒதுக்கிவிட்டுச் சொல்லின் அமைப்பை மட்டும் பார்த்தாலும் அது நிற்காது. கண்காணிப்பில் கண் விழுவது வேலை செய்பவர்மேல். இப்பயிற்சியிலோ மூத்தவரின் கண்ணும் இளையவரின் கண்ணும் சேர்ந்தே பிள்ளையின்மேல் விழ வேண்டும். பிள்ளையின் மூச்சு எப்போது மாறியது, எந்தச் சத்தத்துக்குத் தலை திரும்பியது, எந்த நொடியில் விளையாட்டு நின்றது என்பவற்றை இருவரும் ஒருங்கே பார்ப்பதுதான் கல்வி. கண் பயிலுநர்மேல் திரும்பிய கணத்திலேயே அவர் பிள்ளையை விட்டுவிட்டுத் தம்மைப் பார்ப்பவரை நோக்கத் தொடங்கிவிடுவார். இத்துறை மாணவர்கள் வைத்தியசாலையில் பயிலும்போது அவர்களை மதிப்பிட்டுப் புள்ளியிடும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கிறது; அதற்கு ‘மேற்பார்வை’ என்ற நல்ல சொல் உண்டு. அதையும் இதையும் ஒன்றாக்குவது இரண்டையும் கெடுக்கிறது.

வேறு சிலர் ‘ஆலோசகர்’ என்கின்றனர். நம் பாடசாலைகளில் ஆசிரிய ஆலோசகர் என்றால் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து, வகுப்பைப் பார்த்து, குறிப்பெழுதிவிட்டுப் போகிறவர் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. ‘வழிகாட்டி’ என்பதோ ஆசிரியர் வழிகாட்டி என்னும் நூலுக்கும் வீதியோரப் பலகைக்கும் பெயராகிவிட்டது. மேலும் அது வழியைக் காட்டிவிட்டு நின்றுவிடும், கூட வராது. ‘குரு’ என்பது பயிலுநரைச் சீடராக்கிக் கேள்வி கேட்கும் வாயை அடைத்துவிடும். இவற்றில் எதையும் ஏற்க விருப்பமில்லாதவர்கள் ‘மென்டர்ஷிப்’ என்றே எழுதுகிறார்கள். பொருளைக் கெடுக்கும் தனித்தமிழைவிட அது மேலானது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்வேன். ஆனால் அந்நிலைக்கு நாம் வரவேண்டிய தேவையில்லை, ஏனெனில் பொருத்தமான சொல் நம்மிடம் உண்டு.

அது ‘வழித்துணை’. பயணத்தில் உடன் வருபவர் என்பது அதன் நேர்ப்பொருள். வழி தெரிந்தவர், ஆனால் நடப்பவர் நாமே என்ற இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. திருக்குறளில் அறிவில் மூத்தோரின் உறவைத் தேடிக்கொள்வதைப் பற்றிய அதிகாரத்துக்குப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்றே பெயர்; மூத்தவரைத் துணை என்று அழைப்பது தமிழுக்குப் புதிதன்று. இலங்கைத் தமிழில் இதற்கு மிக நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. கவுன்சிலிங் என்பதை ‘ஆலோசனை’ என்று மட்டும் பெயர்த்துவிட்டுப் போகாமல் ‘உளவளத்துணை’ என்று ஆக்கினார்கள். அறிவுரை சொல்லுவது அந்தப் பணி அன்று, உள்ளத்தின் வளத்துக்குத் துணை நிற்பதே பணி என்பதை அறிந்தவர்கள் ஆக்கிய சொல் அது. அதனால்தான் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. உளவளத்துணையாளர் என்பதைப் போலவே வழித்துணையாளர் என்பதும் தடையின்றி அமையும். பயிற்சியின் பெயர் வழித்துணைப் பயிற்சி.

இச்சொல்லில் பக்தி மணம் வீசுகிறதே என்று ஒரு நண்பர் தயங்கினார். ‘பயந்த தனி வழிக்குத் துணை’ என்று கந்தரலங்காரம் பாடுவதை மலையகத்தில் கோயிலுக்குப் போகும் எவரும் கேட்டிருப்பார்கள்தாம். அதனால் சொல்லுக்கு இழுக்கு வந்துவிடாது. முதன்முதலாக ஒரு பிள்ளையோடு தனியே அறைக்குள் நிற்கும் சிகிச்சையாளருக்கும் அது பயந்த தனி வழியே.

தலைப்பின் மற்றச் சொற்களுக்கு வருவோம். ‘உணர்ச்சி’ என்பது கோபம், அழுகை, மகிழ்ச்சி முதலியவற்றுக்குரிய சொல். இங்கே பேசப்படுவது புலன். இவ்விரண்டையும் குழப்பினால் பெற்றோர் தம் பிள்ளைக்கு மனக்குறை என்று எண்ணிவிடுவார்கள். புலன்களை வகுத்துப் பார்ப்பதில் தமிழுக்குப் பழைய தேர்ச்சி உண்டு. ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’ என்று தொல்காப்பிய மரபியல் தொடுபுலனையே முதலில் வைத்து, அதன்மேல் நாவையும் மூக்கையும் கண்ணையும் செவியையும் ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. இன்றைய சிகிச்சையாளரும் தொடுபுலனை அடித்தளமாகக் கொள்பவர்தாம்.

புலனின் மிகைத் துலங்கலுக்கோ, அதாவது புலன் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதற்கோ, நம் தாய்மாரிடமே சொல் தயாராக இருக்கிறது. கண் கூசுகிறது, பல் கூசுகிறது, உடம்பு கூசுகிறது, காது கூசும்படி பேசினான் என்று நான்கு புலன்வழிகளுக்கு ஒரே வினையைப் பயன்படுத்துகிறோம். நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் கம்பளிச் சட்டையை இழுத்துக் கழற்றி எறியும் பிள்ளையை அடம் பிடிக்கிறது என்று அடிப்பதற்கு முன், “இதுக்கு உடம்பு ரொம்பக் கூசுது” என்று ஒரு பாட்டி சொல்வாரானால், அவர் நோய்க்குறியைச் சரியாகவே பெயரிட்டுவிட்டார். மொழிபெயர்ப்பாளர் ‘அதியுணர்திறன் எதிர்வினை’ என்று எழுதுவதைக் கைவிட்டுப் ‘புலன் கூச்சம்’ என்று எழுதலாம்.

‘கோளாறு’ என்பதும் வேண்டாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு, புலன்களின் மிகை அல்லது குறைத் துலங்கலை ஓட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்ததே தவிர, புலன் செயலாக்கச் சிக்கலைத் தனி நோயாக ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2012இல் அதைத் தனி நோய்ப்பெயராக வழங்கவேண்டாம் என்றே கூறியது. பிள்ளையின் சிரமம் உண்மையானது. ஆகையால் ‘சிரமம்’ என்பதே போதும். நிபுணர்களே பெயரிடத் தயங்குகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொண்டு நோயாக்குவது தகாது.

கடைசியாக, ‘மருத்துவப் பயிற்சி’. இது வைத்தியராவதற்கான பயிற்சி என்று பொருள்படும். மூலச்சொல்லான கிளினிக்கல் என்பது கட்டிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது என்பது கருத்து. இந்தப் பிள்ளைகள் கட்டிலில் படுத்திருப்பதில்லை, ஓடுகிறார்கள். அவர்கள் இருக்கும் இடமே களம். ஆகவே சிகிச்சைக் களப்பயிற்சி. முழுத்தொடர் இப்படி அமையும்: புலன் செயலாக்கச் சிரமமுள்ள பிள்ளைகளுக்கான சிகிச்சையாளர்களின் வழித்துணைக் களப்பயிற்சி.

சென்ற தலைமுறையில் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, துறையைக் கற்பித்தவர்களும் தமிழ் அறிந்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து சொல்லை ஆய்ந்தார்கள். இன்று ஊஞ்சல் தொங்கும் அறையை ஒருமுறையும் பார்க்காதவரிடம் ஒரே இரவில் முடித்துத் தரும்படி கோப்பு அனுப்பப்படுகிறது. அவர் அகராதியின் முதல் சொல்லை எடுத்து வைக்கிறார். பணம் கொடுப்பவரும் தமிழ் வாசிப்பதில்லை, வாசிக்கப்போகும் தாயை யாரும் கேட்பதுமில்லை. அறிவித்தலோடு வந்த வருகைப் படிவத்திலும் ஒவ்வொரு நாளின் எதிரே ‘கண்காணிப்பாளர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பயிற்சியை நடத்துவோர் அடுத்த முறை அச்சிடும்போது அக்கட்டத்தைச் சற்று அகலமாக்கி, அன்று பிள்ளையிடம் இருவரும் கண்டதை எழுத இடம்விட்டு, ‘வழித்துணையாளர் குறிப்பு’ என்று போடட்டும்.